காணாததைத் திட்டமிடுதல்

அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், நிரந்தரப் பணியில் அமர்வதற்கு முன் வேறோர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் முழுநேர ஆய்வில் கழிக்கும் காலத்தை முனைவர் பட்ட மேலாய்வு என்பர். ஆய்வகப் பேச்சில் அது ‘போஸ்ட்டாக்’. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஏற்கெனவே நிதி பெற்றிருக்கும் பேராசிரியர் ஒருவரிடம், அவர் வகுத்த திட்டத்தில் சம்பளத்துக்குச் சேர்வது முதல் வழி. தன் திட்டத்தைத் தானே எழுதிப் போட்டியில் வென்று, ஆய்வு நல்கையைத் தன் பெயரிலேயே பெறுவது இரண்டாவது வழி. இந்த இரண்டாம் வழியைத் தேர்பவர் அதுவரை பழகாத ஓர் எழுத்து வகையை எதிர்கொள்கிறார். ஆய்வேட்டில் செய்து முடித்த சோதனைகளையும் கிடைத்த முடிவுகளையும் எழுதியவர், இப்போது செய்யாத சோதனைகளை மாதக் கணக்குப் போட்டு, கிடைக்காத முடிவுகளின் பயனையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. தெரியாததைத் தேடுவதே தொழிலாகக் கொண்ட துறை, தேடப்போகிறவரிடம் இவ்வளவு உறுதியை எதிர்பார்ப்பது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். அந்த முரணுக்குள் இருக்கும் நியாயமும் அதன் எல்லையும் ஒருசேர ஆராயத் தக்கவை.

ஐரோப்பிய ஒன்றியம் மேரி ஸ்கோடோவ்ஸ்கா கியூரியின் பெயரில் வழங்கும் மேலாய்வு நல்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2021இல் தொடங்கி 2027 வரை நடக்கும் ‘ஹொரைசன் ஐரோப்பா’ திட்டத்தின் கீழ், ஐரோப்பாவுக்குள் ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆய்வு செய்ய எந்த நாட்டவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு பெறுபவர் மாணவருக்குரிய உதவித்தொகையில் அல்லாமல், ஆய்வுக்கு இடமளிக்கும் புரவல நிறுவனத்தின் பணியாளராக ஒப்பந்தத்தின் பேரில் சேர்க்கப்படுகிறார். இதன் விதிகளில் முதன்மையானது இடப்பெயர்வு விதி: விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் எந்த நாட்டில் வசித்தோ பணியாற்றியோ இருந்தாரோ, அந்த நாட்டிலுள்ள ஆய்வகத்துக்கு ஒருவர் விண்ணப்பிக்க இயலாது. லியோனில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே இருப்பவர் பாரிஸில் உள்ள ஆய்வகத்தைக் கேட்க முடியாது. சென்னையிலிருந்து செல்பவர் கேட்கலாம். வளர்ந்த இடத்தை விட்டு வெளியேறியவரே தன் பழைய நெறியாளரின் நிழலிலிருந்தும் வெளியேறுகிறார் என்ற நம்பிக்கை இந்த விதிக்குள் இருக்கிறது.

விண்ணப்பத்தின் உயிர்ப்பகுதி 10 பக்கம். பதினோராம் பக்கத்தில் எவ்வளவு சிறந்த கருத்து இருந்தாலும் மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆய்வின் சிறப்புக்கு 50 விழுக்காடு, அதனால் விளையும் தாக்கத்துக்கு 30, நடைமுறைப்படுத்தும் திறனுக்கு 20 என மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல் எனத் தொடங்கும் எட்டுத் துறைக்குழுக்களில், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குறைந்தது மூன்று வல்லுநர்கள் தனித்தனியே படித்துப் பின்னர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகின்றனர். 2024ஆம் ஆண்டுச் சுற்றில் 10,360 விண்ணப்பங்கள் வந்து 1,696 பேர் தேர்வாயினர். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். 2025இல் விண்ணப்பங்கள் 17,058 ஆகப் பெருகின. இத்தகைய நெரிசலில் 90 மதிப்பெண்ணைத் தாண்டியும் நல்கை கிடைக்காமல் போவது வியப்புக்குரியதன்று. குறிப்பிட்ட ஒரு மதிப்பெண்ணுக்குக் கீழே பெற்றவர் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்துடன் மீண்டும் விண்ணப்பிக்க முடியாது என்ற தடை வேறு. 85ஐ எட்டியும் நிதி கிடைக்காதவர்க்குத் ‘தரமுத்திரை’ என்னும் சான்று தரப்படுகிறது, அதைக் காட்டி வேறு நிதியமைப்புகளை அணுகலாம்.

இத்தனை கணக்குக்கும் நடுவே அந்தப் பத்துப் பக்கம் செய்யும் உண்மையான வேலை, குறிக்கோள் எழுதப்படும் சில வரிகளில்தான் தெரியவரும். பயிர் அறிவியலில் ஒருவர் எழுதும் முதல் வரைவில் ‘நெற்பயிரின் வறட்சி தாங்கும் திறனை மரபணு அளவில் ஆராய்தல்’ என்ற வரி இருப்பதாகக் கொள்வோம். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் எந்த விடையாலும் பொய்யாக்க முடியாத வரி அது, ஆகவே சோதனையைத் தொடங்க உதவாத வரி. அதே ஆய்வாளர் பலமுறை திருத்தியபின், வேர்நுனியில் மட்டும் இயங்கும் குறிப்பிட்ட ஒரு மரபணுவை முடக்கினால், நீர் குறைந்த மண்ணில் வேர் இறங்கும் ஆழம் குறைகிறதா என்று கேட்கும்போது, எந்தச் செடி, எந்தத் திசு, எதை அளப்பது, எந்த விடை வந்தால் கருதுகோள் வீழும் என்ற அனைத்தும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடுகின்றன. முனைவர் பட்டக் காலத்தில் இந்தக் கூர்மையைப் பெரும்பாலும் நெறியாளர் தருகிறார். இங்கே அதைத் தானே உருவாக்க வேண்டியிருப்பதால், விண்ணப்பம் பணம் கேட்கும் மனு என்ற நிலையைக் கடந்து, தனித்து இயங்கும் ஆய்வாளராவதற்கான முதற்பயிற்சியாகவும் அமைகிறது.

இடர் அட்டவணை என்ற சிறு கட்டமும் அப்படிப்பட்டதே. ஒவ்வொரு பணிக்கும் என்ன தவறலாம், தவறினால் மாற்று வழி என்ன என்பதை அதில் நிரப்ப வேண்டும். கருவி பழுதாகலாம், பணியாளர் விலகலாம் என்று எங்கும் பொருந்தும் இடர்களை எழுதி இடத்தை நிரப்புவது எளிது. படிக்கும் வல்லுநர் அதை உடனே கண்டுகொள்வார். மேற்சொன்ன நெற்பயிர் ஆய்வில் உண்மையான இடர், அந்த மரபணுவை முற்றாக முடக்கினால் நாற்றே பிழைக்காமல் போகலாம் என்பது. அதற்கு மாற்றாக, ஒரு வேதிப்பொருளைத் தெளிக்கும்போது மட்டும் மரபணுவை அடக்கும் முறையைக் கையாண்டு, செடி வளர்ந்தபின் அதை அடக்கிப் பார்க்கலாம் என்று எழுதுபவர், தன் சோதனையை மனத்துக்குள் ஒருமுறை நடத்தித் தோற்றுப் பார்த்தவர் என்பது அந்த ஒரு வரியிலேயே விளங்கும். திட்டத்தில் உறுதி வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மையான பதில், வெற்றியைப் பற்றிய உறுதியைவிடத் தோல்வியைப் பற்றிய இந்தத் தெளிவே.

ஆயினும் திட்டத்தால் எட்ட முடியாத ஒரு பகுதி அறிவியலில் உண்டு என்பதற்கு, நல்கைக்குப் பெயர் தந்தவரின் வாழ்வே சான்று. வார்சாவில் பிறந்து 1891இல் பாரிஸ் சென்ற மேரி, 1893இல் போலந்திலிருந்து 600 ரூபிள் உதவித்தொகை பெற்றுப் படிப்பைத் தொடர்ந்தார். பின்னர் சொந்தமாகச் சம்பாதித்ததும், கேட்பாரில்லாதபோதும், அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார். பல்வகை எஃகுகளின் காந்தப் பண்புகளை அளந்து தருமாறு பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் அவரிடம் ஒப்படைத்த வேலை, இன்றைய விண்ணப்பப் படிவத்துக்குள் சிக்கலின்றி அடங்கும் வகையைச் சேர்ந்தது: நோக்கம், முறை, பயன் மூன்றும் முன்கூட்டியே தெளிவானவை. 1897இன் இறுதியில் யுரேனியக் கதிர்களை அவர் எடுத்துக்கொண்டபோதோ, இயற்பியலாளர் பெக்கரெல் முந்தைய ஆண்டில் கண்ட ஒரு நிகழ்வைத் துல்லியமாக அளப்பது என்பதற்கு மேல் எதையும் வாக்களித்திருக்க முடியாது. பிட்ச்பிளெண்ட் என்ற தாது, தன்னிடமுள்ள யுரேனியத்தின் அளவுக்குப் பொருந்தாத மிகுந்த கதிரியக்கத்தைக் காட்டியது. அந்தப் பொருத்தமின்மையை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்காமல் பின்தொடர்ந்ததால் 1898 ஜூலையில் பொலோனியமும் டிசம்பரில் ரேடியமும் அறிவிக்கப்பட்டன. எந்த மாத அட்டவணையிலும் ரேடியம் இடம்பெற்றிருக்க வழியில்லை. ஆனால் அதைக் கண்டறிய வைத்த நுண்ணிய மின்மானியும், ஒவ்வொரு கனிமமாக வரிசையில் வைத்து அளக்கும் ஒழுங்கும் திட்டமிட்டவையே. எதிர்பாராததை அடையாளம் காண, எதிர்பார்ப்பது எது என்பது முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு விண்ணப்பதாரருக்குத் தரும் பாடம்.

திட்டத்தைத் தாளில் கேட்கும் வழக்கத்துக்கு மற்றொரு நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் தேசிய ஆய்வுக் குழு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் 1919இல் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் மேலாய்வு நல்கைகளைத் தொடங்கியது. 1920களில் ராக்ஃபெல்லர் நிதியால் நடந்த பன்னாட்டுக் கல்வி வாரியம் ஐரோப்பிய இளைஞர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பியது. இயற்பியலாளர் ஹைசன்பர்க், கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் என்ற மூத்த இயற்பியலாளரிடம் சென்று பணியாற்றியது அந்த உதவியால்தான். அக்காலத் தேர்வுகளில், இளைஞரை நேரில் அறிந்த மூத்த விஞ்ஞானியின் சொல்லே பெரும் எடை பெற்றது. அந்த முறை அரிய திறமைகளைக் கண்டெடுத்தது உண்மை. அறிமுகமுள்ள வட்டத்துக்கு வெளியே இருந்தவரை அது எளிதில் காணாது என்பதும் உண்மை. பெரிய பெயருள்ள நெறியாளர் இல்லாத ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவருக்கு, அனைவருக்கும் பொதுவான பத்துப் பக்கமும் வெளிப்படையான மதிப்பெண் பங்கீடும் ஓரளவேனும் சமமான களம். ஓரளவு என்று சொல்லக் காரணம், வென்ற விண்ணப்பங்களின் மாதிரியும், வரைவைத் திருத்தித் தரும் நிதித்துறை அலுவலரும் வசதியுள்ள நிறுவனங்களுக்கே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான்.

ஆகவே புரவல ஆய்வகத்தைத் தேர்வதில் காட்டும் கவனம், எழுத்தில் காட்டும் கவனத்துக்குக் குறைந்ததாக இருக்கலாகாது. அறிமுகமில்லாத பேராசிரியருக்கு எழுதும் முதல் கடிதத்தில், அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த முடிவு தன் கேள்வியைத் தொடுகிறது என்று நான்கு வரிகளில் சொல்பவருக்கே பதில் வரும் வாய்ப்பு அதிகம். ஆய்வாளர் புரவலரிடம் கற்பதை மட்டுமன்றிப் புரவல ஆய்வகம் அவரிடமிருந்து எதைப் பெறும் என்பதையும் கியூரி விண்ணப்பம் கேட்கிறது. நெற்பயிரின் வேரைப் படம்பிடிக்கத் தெரிந்தவர், மரபணுத் திருத்தத்தில் தேர்ந்த ஆய்வகத்துக்குச் செல்லும்போது, இரு திறன்களும் கைமாறும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பொதுவாக செப்டம்பரில் அனுப்பப்படும் விண்ணப்பங்களுக்கு முடிவு அடுத்த பிப்ரவரியில் வருகிறது. வருவது பெரும்பாலோர்க்கு மறுப்பே. அதனுடன் வரும் மதிப்பீட்டு அறிக்கை, நிறை குறைகளைப் பட்டியலிட்டுத் தருகிறது. போட்டி இவ்வளவு நெருக்கமாகும்போது 92க்கும் 94க்கும் உள்ள வேறுபாடு தரத்தின் வேறுபாடாகவே இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. அதனால் மறுப்பை ஆய்வாளரின் தகுதி மீதான தீர்ப்பாகக் கொள்வது அறிவியல் மனப்பான்மைக்கே பொருந்தாது. பல மாத உழைப்பை இப்படிப் பலர் இழப்பது சமூகத்துக்கு நேரும் செலவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தச் செலவில் எவ்வளவு மீளும் என்பது, பக்கங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதைப் பொறுத்தது. மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதப்பட்டவை முடிவு வந்த நாளோடு பயனற்றுப் போகும்; அளக்க வேண்டியது எது, எந்த விடை தன் கருத்தைக் கைவிடச் செய்யும் என்ற இரண்டுக்கும் பதில் கண்டு எழுதியவர், வேறு நிதியிலோ வேறு நாட்டிலோ ஆய்வு மேசை கிடைத்த முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.