ஆடு கொடுத்தார்கள், புல்லுக்கு எங்கே போவது?

நிலமில்லாதவர்களுக்கு நாலு ஆடு கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்று பல காலமாகச் சொல்கிறார்கள். ஆடு எங்கே மேயும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் சேரிக்கு ஆடு புதிதில்லை. பாட்டி காலத்திலிருந்தே வாரத்துக்கு வளர்த்தோம். ஆடு ஊர்த்தெருக்காரருடையது, மேய்ப்பு எங்களுடையது, பிறக்கும் குட்டியில் பாதி எங்களுக்கு. குட்டி செத்தால் அது எங்கள் பங்குக் குட்டி என்றே கணக்காகும். 2011இல் தமிழக அரசு விலையில்லா ஆடு கொடுக்கத் தொடங்கியது, குடும்பத்துக்கு 4. ஈன்ற குட்டி எல்லாம் எங்களுக்கே என்று ஆனது அப்போதுதான். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது.

ஆனால் 4 ஆடு சீக்கிரமே 10 ஆகிவிடும். வளர்ந்த செம்மறி ஒன்று நாளைக்கு 3, 4 கிலோ பசுந்தீவனம் தின்னும். அந்தப் புல் முளைப்பது ஆதிக்க சாதிக்காரரின் வரப்பில். அவர் வயலுக்கு நாற்று நட வராத வீட்டுப் பெண்கள் அந்த வரப்பில் அரிவாளோடு இறங்க முடியாது. கூலியை உயர்த்திக் கேட்டால், அதற்கான பதில் மறுநாள் புல்லறுக்கப் போகும்போது வரும். எந்த வார்த்தைகளில் வரும் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சேரியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆடு எங்களுடையதாகிவிட்டது, அதன் கயிறு மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

இதை மாற்றியது பஞ்சமி நிலம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எங்கள் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்து, ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்க முடியாது. அதில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பது தனிக்கதை. 1994இல் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

எங்கள் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து மிஞ்சியது 1 ஏக்கர் 20 சென்ட். பட்டா கொள்ளுத்தாத்தா பெயரிலேயே கிடந்தது. விவசாய மின் இணைப்புக்குப் போனால் சிட்டா கேட்டார்கள், சிட்டாவுக்குப் போனால் வாரிசுச் சான்று கேட்டார்கள். இலவச மின்சாரம் எல்லா விவசாயிக்கும் உண்டுதான், காகிதத்தில் விவசாயியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இணைப்பு வரும்வரை டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்துத்தான் இறைத்தோம்.

நெல் போடவில்லையா என்று ஊரில் கேட்டார்கள். கிணற்றில் இருக்கிற தண்ணீருக்குப் புல்தான் கட்டும். 15 சென்ட்டில் கம்பு நேப்பியர் கரணை நட்டோம். முதல் அறுப்பு 75 நாளுக்கு மேல். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. அதனால் அதை 45 பாத்தியாகப் பிரித்து, நாளைக்கு ஒரு பாத்தி அறுக்கிறோம். தண்டு முற்றினால் செம்மறி தொடாது, பொடியாக நறுக்கிப் போட வேண்டும். 10 சென்ட்டில் வேலிமசால், வரப்பில் அகத்தி. புல்லை மட்டும் போட்டால் வயிறு நிறையும், குட்டி தேறாது. பயறுவகைத் தழையும் கலந்தால்தான் உடம்பு பிடிக்கும்.

இன்னொரு 30 சென்ட்டில் கொழுக்கட்டைப் புல். அதை நான்காகத் தடுத்து, வாரத்துக்கு ஒரு தடுப்பாக மேய விடுகிறோம். மற்ற மூன்றும் துளிர்க்கும். வெயில் காலத்தில் 10 நாளுக்கு ஒரு தண்ணீர். ஈரம் அதிகமானால் நத்தை வரும், அதோடு தட்டைப்புழுவும் வரும். அதனால் பனி காயும் முன்பு பட்டியைத் திறப்பதில்லை. மழைக்குப் பிறகு வரும் இளம்புல்லை ஆவலாகத் தின்ற ஆடு துள்ளுமாரி கண்டு விழும். அதற்கான ஊசியை மழைக்கு முன்பே போட்டுவிடுகிறோம். இன்று 15 பெட்டை, ஒரு கிடா. எங்கள் பக்கத்துச் சென்னைச் சிவப்பு ரகம்தான்.

கொட்டில் முறை நவீனமானது, மேய்ச்சல் பழசு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் வேறு லாபம் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்கள் இன்னொருவர் வரப்பில் புல்லறுக்கப் போய் ஐந்து வருடமாகிறது. போன நடவில் கூலி பேசும்போது சின்னம்மாதான் முன்னால் நின்று பேசினார். மறுநாள் ஆடு பட்டினி கிடக்குமே என்ற பயம் அவருக்கு இல்லை.

ஆனாலும் இது மூன்று குடும்பத்தின் கதை. சேரியில் மற்ற எல்லோரும் இன்னமும் வரப்பை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கொட்டிலைக் காட்டிவிட்டுப் போவதை ஏற்க முடியாது. கொட்டில் கட்டலாம், உள்ளே போட புல் எங்கே? ஊர்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு நிலம் இருக்கிறது. எல்லார் ஆடுமாட்டுக்கும் பொதுவானது. இப்போது அதில் தைலமரம் நிற்கிறது, சுற்றிலும் கம்பிவேலி. யார் நட்டது என்று ஊருக்கே தெரியும்.

அதை அளந்து காட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் கையில் இருக்கிறது. இப்போதைய 'அ' பதிவேட்டையும் கேட்டிருக்கிறோம். இரண்டையும் புல எண் வாரியாக ஒப்பிட வேண்டும். சர்வேயர் வரும் நாளில் படிக்கிற தம்பி தங்கைகள் நாலு பேர் கூட இருந்தால் நல்லது. காலையில் சீக்கிரம் வாருங்கள், வெயில் ஏறினால் அந்தப் பக்கம் நிழலே கிடையாது.