விடுதலைப் பத்திரம்

தூத்துக்குடியில் வாழ்கிறவர்களுக்கு ஒரு தொழில் அறுந்துபோவது என்றால் என்ன என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. கொற்கை முத்தைப் பற்றிச் சங்கப் பாடல்களைத் துணைகொண்டு வகுப்பறையில் மணிக்கணக்கில் பேசிவிட முடிகிறது. ஆனால் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டைப் 'பார்' என்றும், முத்துக்குளிப்பைச் 'சலாபம்' என்றும் வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்த மாணவர் இன்று அரிது. பார்கள் எந்தக் குடும்பத்தின் சொத்தாகவும் இருந்ததில்லை. மூச்சடக்கி மூழ்கும் வித்தை மட்டுமே தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயிற்று. தொழில் நின்றது; வித்தையும் நின்றது.

இங்கிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கரிசல். அங்கே கதை வேறு மாதிரி. சொத்து தவறாமல் கைமாறுகிறது. வித்தை கைமாறுகிறதா என்று எவரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டவர்கள் அல்லர். கேட்கும்படி ஆகிவிட்டது.

நாங்கள் என்றால் அண்ணன் தம்பி இருவர். மூத்தவருக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு வேலை. இளையவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர். இருவருக்கும் மூத்தவர் அக்கா. பாட்டனார் வழியில் வந்த ஒன்பது குறுக்கம் மானாவாரிப் புஞ்சையை அப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழுதார். இந்த மண்ணின் பருத்திதான் 'திருநெல்வேலிப் பருத்தி' என்ற பெயரில் ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியது என்பதைச் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமிதம் உண்டு.

ஒன்பதில் ஒரு குறுக்கத்தை அப்பா ஆண்டுதோறும் தனியாக விட்டுவைப்பார். ஊர் விதைப்பதற்குப் பத்து நாள் முந்தி அதில் விதைப்பார். அடுத்த ஆண்டு பருத்திக்கு நடுவே உளுந்து ஊடுவார். அதற்கடுத்த ஆண்டு கம்பு. விளைந்ததை மற்ற எட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் அதை ஆராய்ச்சி என்று சொன்னதில்லை. "ஒரு குறுக்கம் போனா குடும்பம் சாயாது" என்பார், அவ்வளவுதான். 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைச் சுற்றுவட்டாரம் எங்கும் தின்று தீர்த்தபோது எங்கள் வீடு கடனில் விழவில்லை. அந்த ஒற்றைக் குறுக்கத்தில் பார்த்த பலனை நம்பி, பாதி நிலத்துக்கு மேல் அவர் மக்காச்சோளம் போடாமல் இருந்ததுதான் காரணம்.

2021 பங்குனியில் அப்பா காலமானார். முப்பதாம் நாள் முடிந்த கையோடு நாங்கள் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அக்கா கையெழுத்திடுவதற்காக ஒரு விடுதலைப் பத்திரம் தயார் செய்தோம். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று. இனி நிலத்தில் என்ன பாத்தியதை என்பது ஊர் நியாயம்.

சட்டம் எங்களுக்குத் தெரியாததன்று. 1989 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு தந்தது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே மணமானவர்களை விலக்கிவிட்டது. அக்காவின் திருமணம் 1988இல். ஓராண்டு பிந்தியிருந்தால் பங்குக்காரியாகியிருப்பார். 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. மகள் பிறப்பாலேயே பங்குடையவள். 2005இல் தந்தை உயிரோடிருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினிதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதற்கு ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகுதான் நாங்கள் முத்திரைத்தாள் வாங்கினோம். பெண்கல்வி பற்றி மேடையில் பேசுகிறவரும் எங்களில் ஒருவர்.

அக்கா மறுக்கவில்லை. பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "போடுதேன் தம்பி. ஆனா இனிமே வெதைய யாரு எடுப்பா?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விதைதான் கடையில் கிடைக்கிறதே என்றோம். விதைப்பு வேலை நெருங்கியதால் பத்திரப்பதிவு தள்ளிப்போயிற்று.

அந்தப் புரட்டாசியில் நாங்களே முன்னின்று விதைத்தோம். நான்காம் நாள் ஒரு தூறல். எட்டே நாளில் சோளமும் உளுந்தும் பச்சைக் கோடு கட்டி நின்றதைப் படம் பிடித்து உறவினர்க்கெல்லாம் அனுப்பினோம். பிறகு இரண்டு வாரம் வெயில். கரிசல் வெடித்தது, பயிர் சுருண்டு மடிந்தது.

செய்தி கேட்டு வந்த அக்கா சாலில் குந்தி விரலை விட்டுப் பார்த்தார். விரலின் முதல் கணு அளவுகூட ஆழம் இல்லை. "மேலாக் கெடந்தா தூறலுக்கே ஏமாந்து மொளச்சிரும். பெருமழை எறங்கித் தொடுத ஆழத்துல கெடக்கணும்" என்றார். மழைக்கு முந்தைய விதைப்பின் சூட்சுமம் முழுவதும் அதுதான். ஈரம் இரண்டு அங்குலம் இறங்கும்வரை விதை உறங்க வேண்டும். 1901இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டோம். கையெட்டும் தூரத்தில் நிலையமும் இருந்தது, அக்காவும் இருந்தார். இரண்டையும் கேட்காமல் விதைத்தவர்கள் நாங்கள்.

மறுவிதைப்புக்கு விதை அக்கா வீட்டிலிருந்து வந்தது. நடுப்புஞ்சையில் விளைந்த கதிராகப் பார்த்து எடுப்பது, அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிடுவது, துவரையைச் செம்மண் கட்டிக் காயவைப்பது, பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டுவது ஆகிய எல்லாவற்றையும் அம்மாவிடம் கற்றவர் அவர். மணமாகிப் போன பின்னும் ஆண்டுதோறும் தை மாதத்தில் வந்து அப்பாவுக்கு விதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறார் என்றே நாங்கள் முப்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். எந்தக் குறுக்கத்தில் எந்த ஆண்டு என்ன விதைத்து என்ன கண்டது என்பதையும் அப்பா அவரிடம்தான் பேசியிருக்கிறார். ஆக, நிலம் எங்களிடம் வந்திருந்தது. புஞ்சை அவரிடம் இருந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையாக இதைக் கொள்ள முடியவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலத்தை நடத்துவோராகப் பதிவானவர்களில் பெண்கள் நூற்றுக்கு 14 பேரே. களையெடுப்பிலும் விதையெடுப்பிலும் காணும் கைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த 14 என்ன கணக்கு என்று புரியும். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். துண்டு சிறுத்துக்கொண்டே போகும்போது, அதை நடத்தத் தெரிந்தவரையும் வாரிசுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் மிஞ்சுவது மனைவிலை மட்டுமே.

1960களில் கோவில்பட்டி நிலையத்தில் பணியாற்றிய கோ. நம்மாழ்வார், அங்கே செலவுமிக்க இடுபொருள்களை வைத்துச் செய்யும் ஆய்வு மானாவாரி உழவருக்கு உதவாது என்று கண்டு வேலையை விட்டவர். உழவரே தம் நிலத்தில் ஆய்வாளராக வேண்டும் என்ற கருத்து பிற்காலத்தில் அவரால் ஊர் ஊராகப் பரவியது. அந்த உழவர் என்ற சொல்லுக்குள் எங்கள் அக்காவை வைத்துப் பார்க்க எங்களுக்கு ஒரு பயிர் சாக வேண்டியிருந்தது.

இப்போது கூட்டுப்பட்டாவில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. ஒன்பது குறுக்கத்தை மூன்றாக அறுத்தால் ஓடைப்பக்கமும் பாதைப்பக்கமும் எல்லோருக்கும் வேண்டும் என்று நீளவாக்கில் கீற்றுகளாகும். டிராக்டர் திரும்பவும் இடமிராது. ஆகவே அளந்து பிரிக்கவில்லை. உழுவிப்பது அக்காவும் அவர் மகளும்; அவர்கள் உழைப்புக்குக் கூலி கழித்து மிச்சத்தில் மூன்று பங்கு. விற்க நேர்ந்தால் முதலில் உடன்பிறந்தவரிடம் கேட்க வேண்டும். ஒரு குறுக்கம் வழக்கம்போலச் சோதனைக்கு. அதில் வரும் நட்டம் மூவருக்கும் பொது. அக்காள் மகள் விதைத்த நாள், ஆழம், பெய்த மழை எல்லாவற்றையும் நோட்டில் குறிக்கிறாள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்தப் பெருமழையில் எங்கள் உளுந்து அழுகிப்போயிற்று. ஊடே நின்ற நாட்டுச்சோளம் ஓரளவு தப்பியது. அதுவும் நோட்டில் இருக்கிறது.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று முடிக்க முடியாது. அண்ணன் மகன்கள் சென்னையில் இருக்கிறார்கள். புஞ்சை என்றால் அவர்களுக்கு ஒரு பொங்கல் விடுமுறை. நாளை அவர்கள் ஒரு பத்திரத்தோடு வந்து நின்றால் நாங்கள் வியக்க உரிமையில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான். ஆண்டுக்கொரு முறையாவது விதையெடுக்கும் நாளில் அவர்களைக் கூட்டிவந்து கதிருக்கு முன்னால் நிறுத்துகிறோம்.

அந்த முத்திரைத்தாளை இன்னும் கிழிக்கவில்லை. அப்பாவின் தகரப்பெட்டியில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. அதன்மேல்தான் அக்கா விதைப் பொட்டலங்களை அடுக்கி வைக்கிறார்.