காளவாசல் சார்ஜரும் ஸ்ட்ராஸ்பர்க் ஓட்டும்

பெயரில் இன்னும் செங்கல் சூளையைச் சுமக்கிறது மதுரைக் காளவாசல். இப்போது சூளை எங்கே? 2020-ல் திறந்த மேம்பாலமும், கீழே ஹாரன் சத்தமும்தான். அங்கே செல்போன் கடைக்குப் பஞ்சமில்லை. எந்தக் கடையில் நின்றாலும் "அண்ணே, டைப்-சி ஒயர் இருக்கா?" என்ற ஒரே கேள்வி. புது ஆப்பிள் போன்காரரும் அதையேதான் கேட்கிறார்.

"ஆப்பிள்காரனே இறங்கி வந்துட்டான் பாத்தீகளா!" என்றார் ஒரு கடைக்காரர். அவனாக எங்கே இறங்கினான்? இறக்கினார்கள். இறக்கிய இடத்தைத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், இல் என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்ட்ராஸ்பர்க். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதே வைகைக்கரைக்காரனுக்கு முதல் ஆச்சரியம்! கரையில் ஐரோப்பியப் பாராளுமன்றம். அதன் 60 மீட்டர் கோபுரம் பாதியில் விட்ட மாதிரி நிற்கிறது. காண்ட்ராக்டர் ஓடிவிட்டாரோ என்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

27 நாடு, 720 உறுப்பினர், 24 மொழி. மேலே மாடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, 'சொகுசு உத்தியோகம்டா சாமி' என்றுதான் தோன்றும். விசாரித்தால் பாவமாக இருக்கிறது. கமிட்டி வேலை பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸில். முழுச் சபை வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை இங்கே, திங்கள் முதல் வியாழன் வரை. நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல்! மாசாமாசம் மதுரையிலிருந்து சென்னைக்கு ஆபீஸையே தூக்கிக்கொண்டு போய் வருகிற மாதிரிதான். மிச்ச நாளில் சொந்த ஊர் ஜனங்களுக்கும் முகம் காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட்டால்தான் தினப்படி. ஓட்டெடுப்பு நாளில், பெயர் பதிவாகும் ஓட்டுகளில் பாதிக்கு மேல் மட்டம் போட்டால், படியில் பாதி வெட்டு. (நம் ஆபீஸில் இதைக் கொண்டுவந்தால்... வேண்டாம், மேனேஜர் படித்துவிடப் போகிறார்.) பேச ஒரு நிமிஷம் என்றால் ஒரு நிமிஷம்தான். அப்புறம் மைக் செத்துவிடும்.

இதில் பெரிய கொடுமை, சட்டத்தை முதலில் கொண்டுவரும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஐரோப்பிய கமிஷன்தான் கொண்டுவர வேண்டும். இவர்கள் நச்சரிக்கலாம், வந்த மசோதாவை வரிவரியாகத் திருத்தலாம், நாடுகளின் அமைச்சர்களோடு பேரம் பேசலாம். 'எல்லா போனுக்கும் ஒரே சார்ஜர்' என்று பத்து வருஷம் நச்சரித்த பிறகுதான், 2021 செப்டம்பரில் மசோதா வந்தது.

அதைக் கரையேற்றும் பொறுப்பு விழுந்தது அலெக்ஸ் அஜியஸ் சலிபா தலையில். மால்டாக்காரர். அந்த நாட்டு ஜனத்தொகை நம் மதுரை மாநகராட்சியில் பாதிகூடத் தேறாது. ஆனால் அவர்களுக்கு ஆறு உறுப்பினர்கள்! பதினைந்து லட்சம் வாக்காளருக்கு மேல் உள்ள மதுரைத் தொகுதிக்கு டெல்லியில் ஒரே ஒரு எம்.பி.

2022 அக்டோபர் 4-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓட்டெடுப்பு. ஆதரவு 602, எதிர்ப்பு 13, நடுநிலை 8. போன்களுக்கு 2024 டிசம்பர் 28-லிருந்து அமல். ஆப்பிள் அதுவரை காத்திருக்கவில்லை, 2023-லேயே துளையை மாற்றிவிட்டது. அந்தச் சட்டம் காளவாசலுக்குச் செல்லாதுதான். அதற்காகக் கம்பெனிக்காரன் ஊருக்கு ஒரு துளை போட்டுக்கொண்டிருப்பானா?

லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 என்று தனிக் கெடு வைத்தார்கள். உங்களுடையது பழசு என்றால், அந்தக் குண்டு சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார்.