கச்சான் மாதத்துக் கொழுந்து

அப்புத்தளைக்கு மேலே, தம்பேத்தன்னைத் தோட்டத்தின் உச்சியில், லிப்டன் சீட் என்று எல்லோரும் சொல்லும் குன்று இருக்கிறது. மூடுபனி ஏறுவதற்கு முன், விடியற்காலையில் அங்கே நின்று தெற்கே பார்த்தால் காலடியில் தேயிலை. அதற்கப்பால் மலை சட்டென்று முடிந்து, வெல்லவாய, தணமல்வில என்று வறண்ட காட்டுநிலம் விரிகிறது. வானம் தெளிந்திருந்தால் கடற்கரைப் பக்கம் வரை கண் போகும். இலங்கையில் பாலைவனம் கிடையாது. ஆனால் நாட்டின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்று, முள்ளும் புதரும் உப்பளமுமாக, அந்த அம்பாந்தோட்டைக் கரையில்தான் கிடக்கிறது. உலகம் தேடி வாங்கும் தேயிலையும் அந்தக் காய்ந்த பூமியும் ஒரே பார்வைக்குள் அடங்குகின்றன.

இரண்டையும் ஒரே காற்றுத்தான் தொடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி இந்த ஊவாப் பக்கம் இறங்கும்போது உலர்ந்துபோகிறது. இதுதான் கச்சான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீசும் நாட்களில் தேயிலைச் செடிக்குச் சோதனைக்காலம். நீர் குறைகிறது, துளிர்ப்பது மந்தமாகிறது, அந்த வாட்டத்திலேயே இலைக்குள் மணம் திரள்கிறது. ஊவாத் தேயிலையின் கூர்மையான, குளிர்ச்சியான வாசனைக்குக் காரணமான பொருள்களில் மெதில் சலிசிலேட்டும் ஒன்று என்கிறார்கள் வேதியியலார். தசைவலித் தைலத்தில் மணப்பதும் அதுதான். கொழும்பில் 1883 முதல் நடக்கும் தேயிலை ஏலத்தில், ஊவாவுக்கு நல்ல விலை கிடைப்பது இந்தச் சில வாரங்களில்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குப் பார்க்க நிறையவே இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலம். பதுளைக்குப் பக்கத்தில் துன்ஹிந்த அருவி. கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய போகும் வீதியோரம், ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும. வெல்லவாயவுக்கு அப்பால் புதுருவகலையின் பாறைச் சிற்பங்கள். எல்லாம் நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தகுந்தவை. நான் போனது வேறொன்றுக்காக. பயணிகளின் படங்களில் பச்சைச் சரிவில் சிவப்புப் புள்ளியாக மட்டும் வந்துபோகும் பெண்கள் செய்கிற வேலையைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று பல நாள் ஆசை. கொஸ்லந்தையிலிருந்து பூணாகலை ஏறும் பாதையில், தெரிந்தவர் ஒருவர் சொல்லிவைத்திருந்ததால், ஒரு மலையில் நிற்க இடம் கொடுத்தார்கள்.

பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்து பெண்கள் நிரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு இறுகக் கட்டியிருந்தது. முதுகில் முன்பு போலப் பிரம்புக் கூடை அதிகம் இல்லை. பெரும்பாலும் நைலோன் பைதான், கயிறு தலையில் மாட்டியிருக்கும். ஐம்பதைக் கடந்த ஓர் அக்காவின் நிரை ஓரமாக நான் நின்றேன். அவர் செடியின் மேல் மட்டக்கம்பை வைத்தார். கம்புக்கு மேலே நிற்கிற துளிர்தான் இன்றைக்கு. கீழே உள்ளதில் கை படாது. பிறகு இரண்டு கையும் தனித்தனியாக ஓடத் தொடங்கின. இரண்டிலையும் ஒரு மொட்டும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வருகிறது, ஒரு சின்ன மடக்கு, ஒடிகிறது. நகம் போட்டுக் கிள்ளுவதில்லை, இழுப்பதுமில்லை. இழுத்தால் காம்பு நார் விடும், நார் தொழிற்சாலையில் தூளோடு போகும். உள்ளங்கை நிரம்புவதற்கு முன்பே பிடி தோளுக்கு மேலே போய்ப் பைக்குள் விழுந்துவிடுகிறது. கைச்சூட்டில் கொழுந்து நசுங்கிக் கறுத்துவிடக் கூடாது.

கண்ணில் பட்ட ஒரு நல்ல துளிரை நான் காட்டினேன்.

"அத விடுங்க தம்பி, அது அடுத்த ரவுண்டுக்கு" என்றார், கை நிற்காமல்.

ஒரு மலைக்கு ஏழெட்டு நாளில், வறண்ட காலமென்றால் இன்னும் தள்ளி, திரும்ப வருவார்கள். எதை எடுப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் இந்த வேலையின் நுட்பம் இருக்கிறது. மொட்டு அடைத்து வளர்ச்சி நின்றுபோன இலையை ஒடித்து வெளியே போடுவார்கள், அதன் கணுவில் புதிது வரும். முற்றிய இலை பையில் விழுந்தால் தொழிற்சாலையில் திட்டு. இளசாக எடுத்துவிட்டால் அடுத்த சுற்றில் செடி தராது. நொடிக்கு நொடி இத்தனை தீர்ப்பு, அதுவும் சரிவில் கால் ஊன்றிக்கொண்டு. அரசாங்கக் கணக்குகளிலும் கம்பெனிப் பேச்சிலும் இதைத் திறன் தேவைப்படாத உழைப்பு என்கிறார்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்ற எவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பத்து மணி வாக்கில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தூக்கினார்கள். அந்த அக்காவின் பை நாலு கிலோவைத் தொடவில்லை. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, 18 கிலோ வேண்டும். அதற்குக் குறைந்தால் அரைப்பேர் என்று எழுதிவிடுவதும் உண்டு. மடுவத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபடி அவர் சொன்னார்: "காத்து புடிச்சா இப்புடித்தான் தம்பி. செடியில இல்லாதத எங்க போயி ஒடிக்கிறது? மழ மாசத்துல வாங்க, இருவத்தஞ்சு கூட வரும்."

மழை மாதத்தின் இருபத்தைந்து கிலோ சாதாரணத் தேயிலை. கச்சான் மாதத்தின் பத்துக் கிலோவில்தான் ஊவாவின் பெயர் இருக்கிறது. ஏலத்தில் விலை ஏறும் அதே வாரங்களில் பறிக்கிறவரின் பேர் பாதியாகிறது. தராசுக்கு நிறை மட்டும்தான் தெரியும். அந்த நிறையிலும் ஈரத்துக்கு, பைக்கு என்று சில கிலோ கழிப்பது மலையகம் முழுவதும் பழைய மனக்குறை. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் அடிப்படை 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது போராடிப் பெற்றது. அந்த உயர்வும் கிலோவின் மேல்தான் நிற்கிறது, கைத்திறன் அதில் எங்கும் சேரவில்லை. ஊவாவின் பருவத் தேயிலைக்கு உலகம் கூடுதலாகத் தருகிற பணத்தில் ஒரு பங்கு, அந்தப் பருவத்தில் பறித்த கைக்கு என்று தனியாகக் கணக்கிட்டு வர வேண்டும். இதைச் செய்யப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. எந்த மலையின் கொழுந்து எந்த நாளில் போனது என்பது தொழிற்சாலைப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

மாலையில் கொழுந்து போன வழியே நானும் போனேன். தோட்டத்தார் ஸ்டோர் என்று சொல்லும் தொழிற்சாலை. இந்தப் பக்கத்துப் பழைய ஸ்டோர்கள் மாடி மேல் மாடியாக, வரிசை வரிசையாக ஜன்னல் வைத்துக் கட்டப்பட்டவை. தேயிலை வணிகர் லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கியபோது எழுந்த தம்பேத்தன்னைத் தொழிற்சாலையும் அப்படித்தான். மேல்மாடிகளில் கொழுந்தைப் பரப்பி, ஜன்னலைத் திறந்து காற்றைக் கொண்டே வாட்டினார்கள். இப்போது தொட்டிகளும் மின்விசிறிகளும் வந்துவிட்டன. இரவெல்லாம் வாடிய கொழுந்து விடியுமுன் உருட்டு இயந்திரத்துக்குள் போகிறது. அங்கே நசுங்கிச் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டதும் பச்சை செம்பு நிறமாகிறது. மற்ற மாதங்களில் அதைச் சற்று நேரம் விடலாம். கச்சான் மாதத்தில் விட்டால் நிறம் ஏறும், வாசனை போய்விடும். டீமேக்கர் ஒரு பிடியை அள்ளி மூக்கருகே கொண்டுபோய், திரும்பவும் கொண்டுபோய், "போடு" என்றார். அடுத்த கணம் அடுப்புக்கு. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் முப்பது வருட மூக்கு இருந்தது. நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது பொதுக்கணக்கு.

ஆண்களின் கைவேலையை யாரும் படம் எடுப்பதில்லை. கவ்வாத்து வெட்டுகிறவர் செடியின் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கிறார். கானு என்னும் வடிகால் வெட்டுகிறவர் மலையையே பிடித்துவைக்கிறார். சரிவின் குறுக்கே, சிறு இறக்கம் வைத்து, மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடைக்குப் போய்ச் சேரும்படி கானு எடுக்க வேண்டும். இறக்கம் கூடினால் நீர் கரையை அரிக்கும், குறைந்தால் தேங்கும். நீர்மட்டக் கருவி இல்லாமல் கண்ணால் அளந்து வெட்டக்கூடிய கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்கள் குறைந்து கானுகள் தூர்ந்துபோன சரிவில் மழை நின்று ஊறும்.

மீரியபெத்தைத் தோட்டம் நான் நின்ற மலையிலிருந்து தூரமில்லை. 2014 அக்டோபர் 29 காலை, கனமழைக்குப் பிறகு, மேலிருந்த சரிவு இறங்கி லயக் குடியிருப்புகளையும் கோயிலையும் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் திரும்பிவந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை. எடுக்கப்பட்ட உடல்கள் சில. மண்ணுக்குள்ளேயே தங்கியவர்கள் பலர். தப்பியவர்கள் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் நெடுநாள் காத்திருந்த பிறகு, 2016இல் மாகல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தன. இன்று அந்தச் சரிவில் புல்லும் புதரும் மூடியிருக்கின்றன. அதன் எதிரே நின்றபோது என்னுடன் வந்தவர், இன்னார் லயம் இங்கே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மடுவம் அங்கே என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். நான் எதுவும் கேட்கவில்லை.

தியலுமவின் மேற்புறக் குளங்களுக்கு ஏறுகிற பயணிகள் பலர் இந்தத் தோட்டப் பாதைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மீரியபெத்தைச் சரிவைக் காட்சியாக நினைத்துப் போகாதீர்கள், அது இன்னும் மயானம். மலையைப் பார்க்க ஆகஸ்டில் வாருங்கள். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்டு, கங்காணியிடம் சொல்லி, நிரையின் ஓரமாக நில்லுங்கள். குறுக்கே நின்றால் அவர்களுக்குக் கிலோ போகும். படம் எடுக்குமுன் முகம் பார்த்துக் கேளுங்கள். பத்து மணித் தராசு வரை இருங்கள்.