அமுச்சியின் மூடிய கை

தகரப் பெட்டியைக் குடைந்தபோது, அம்மாவைப் பெற்ற அமுச்சியின் பழைய போட்டோ கிடைத்தது. ஸ்டுடியோவில் எடுத்தது. அப்புச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் அமுச்சி வலது கையை இறுக மூடியிருக்கிறார்.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூரைச் சுற்றி வரிசையாக எழுந்த பஞ்சாலைகளில் ஒன்றில், ரீலிங் பிரிவில் அமுச்சிக்கு வேலை. அறுந்த நூலை நாளெல்லாம் முடிந்து முடிந்து சுட்டுவிரலில் பள்ளமே விழுந்துவிட்டது. அதை மறைக்கத்தான் அப்படி நின்றிருக்கிறார். எதற்காக மறைக்க வேண்டும்! அந்த விரல்தானே வீட்டுக்கே சோறு போட்டது.

எனக்குக் கம்மஞ்சோறு பிசைந்து ஊட்டியதும் அதே கைதான். "இன்னொரு வாய் வாங்கிக்க சாமி" என்பார். வேலையிலிருந்து நின்று வெகுகாலம் ஆன பிறகும், மில் சங்கு ஊதினால் சட்டென எழுந்துவிடுவார்.

போட்டோவில் முகம் மங்கிவிட்டது. அந்தக் கையைத்தான் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தேன்.