கூரை உயரமும் சாதி உயரமும்

ஆன்டெனாவைத் திருப்பத் திருப்பத்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. பேரணாம்பட்டுக் காலனியில் அண்ணன் கூரைமேல் நிற்பார், நாங்கள் வாசலில். "இப்ப வருதா?" "புள்ளிதான்ணா வருது." தொலைக்காட்சி அலை நேர்க்கோட்டில் வருவது. சுற்றிலும் மலை. படம் தெளிய வேண்டுமானால் கம்பம் உயர வேண்டும். ஊர்த்தெரு மொட்டைமாடிகளில் இருபது அடிக் குழாய்கள் நின்றன. எங்கள் ஓலைக்கூரை மூங்கிலையே தாங்காது. அலை சாதி பார்ப்பதில்லைதான். ஆனால் மாடி யாருக்கு என்பதைச் சாதிதான் முடிவு செய்திருந்தது.

2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி தரத் தொடங்கியது. பெட்டி வீட்டுக்குள் வந்தது, கேபிள் ஒயர் தெருமுனையில் நின்றுவிட்டது. காலனியில் மாதாமாதம் பணம் வசூலாகாதாம்!

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தபோது, எங்கள் பிள்ளைகள் கேபிள் இருந்த வீடுகளின் ஜன்னலோரம் நின்றார்கள். படம் பார்ப்பது பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் அந்த ஜன்னலை நினைத்துப் பார்க்கட்டும்.

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணறும் பொதுச் சொத்துதான் என்றார்கள், இறைக்க விட்டார்களா?

இன்று தூர்தர்ஷனின் தரைவழிக் கோபுரங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. 2004-இல் தொடங்கிய அதன் இலவச டிஷ்ஷில் டிடி தமிழும் கல்விச் சேனல்களும் மாதக் கட்டணமின்றி வருகின்றன. இதற்கு மாடி தேவையில்லை. செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில். குறுகிய சந்திலும் அந்த வானம் தெரியும். தரையில் சிமென்ட் கட்டை போட்டு டிஷ்ஷை இறுக்கினால் போதும்.

திருப்பும்போது திரையில் 'குவாலிட்டி' அளவைப் பாருங்கள். 'ஸ்ட்ரென்த்' மட்டும் ஏறினால் படம் வராது. விரலளவு நகர்த்தி, சற்றுப் பொறுத்து, மீண்டும் பாருங்கள். ஒயரில் நடுவே ஒட்டு வேண்டாம். டேனரிக் காற்றில் செம்புக் கம்பி கறுத்துப்போகும். ஓர் அங்குலம் வெட்டி, புதிய கனெக்டர் மாட்டி, தண்ணீர் புகாமல் டேப் சுற்றுங்கள்.

இந்த வேலையை இப்போது எங்கள் காலனிப் பெண்களே செய்கிறார்கள். ஒரு ஸ்பேனரும் ஒரு மணி நேரமும் போதும். ஆனால் வீட்டு வசதித் திட்டத்தில் எங்களுக்கு உறுதியான கூரை கேட்பதை நாங்கள் நிறுத்தப்போவதில்லை. டிஷ் தரையில் இருக்கலாம். நாங்கள் ஏன் இருக்க வேண்டும்?