நிரந்தரமாக ஒரு வழிகாட்டி

குடை வாங்குவது வேறு; வீட்டுக்குத் தூண் நடுவது வேறு. குடை பிடிக்காமற் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அநேகமாக அது திரும்பி வராது. தூணை அப்படிச் செய்வதற்கில்லை. நட்டது நட்டதுதான். காரில் நிரந்தரமாகப் பொருத்துவதற்கென்று கம்பியில்லாத ஜி.பி.எஸ். ரிஸீவர் ஒன்றைத் தேடிச் சென்ற கோடையில் நாம் புறப்பட்டபோது, இது தூண் வகையைச் சேர்ந்த காரியம் என்பதை மறவாமலே புறப்பட்டோம். அந்தத் தேட்டத்தில் தெரிந்துகொண்ட சில விஷயங்களை நேயர்களுக்கும் சொல்லிவைப்பது உபயோகமாயிருக்கும்.

"கையில் டெலிபோன் இருக்கும்போது தனியாக ரிஸீவர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால், டெலிபோன் காரைச் சேர்ந்ததல்ல, மனிதரைச் சேர்ந்தது. மனிதர் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கிவிடும். சித்திரை வெயிலில் முன்கண்ணாடி ஓரமாக வைத்தாலோ, சூடேறி, "சற்று ஆறவிடுங்கள்" என்று அறிவித்துவிட்டு அணைந்துபோகும். முக்கியமான திருப்பத்தில் சம்பந்தியம்மாள் கூப்பிட்டாலோ கேட்க வேண்டியதில்லை. திரையில் வழி மறைந்து சம்பந்தியம்மாள் தோன்றுவார்.

ஆகையால் நம் காரின் டாஷ்போர்டில் டாப்லெட் ஒன்றைப் பதித்திருந்தோம். தேசத்துச் சாலைகள் அனைத்தும் படமாக அதற்குள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. ஆனால் அது வைஃபை மட்டும் உள்ள ரகம், ஜி.பி.எஸ். இல்லாதது. சகல ஊர்களும் அதற்குத் தெரியும். தான் நிற்கும் இடம் மட்டும் தெரியாது. அதன் காதில் புளூடூத் மூலமாக இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்க ஒரு துணை வேண்டியிருந்தது. அந்தத் துணைதான் நாம் தேடிய ரிஸீவர்.

இவ்வளவு சிரமம் யாருக்காக என்றால், நம் தகப்பனாருக்காக. அவருக்கு வயது 76. கண் பார்வைக்கும் கை நிதானத்துக்கும் இன்னும் குறைவில்லை. அவருடைய ஒரே தங்கை, அதாவது நம் அத்தை, கொல்லிமலை அடிவாரத்தில் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். சென்னையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம் என்று போகும் அந்த வழி தகப்பனாருக்கு மனப்பாடம். மனப்பாடம் என்றால் பலகையைப் படித்தல்ல. இந்த இடத்தில் இரட்டைப் புளியமரம், அந்த இடத்தில் சுமைதாங்கிக் கல், அதைத் தாண்டி ஐயனார் கோவில் குதிரை என்று நாற்பது வருஷமாகக் கண்ணால் கட்டிய பாடம் அது. சாலையை அகலமாக்கியபோது புளியமரங்கள் போயின. சுமைதாங்கியும் போயிற்று. ஊர்களை விட்டு விலகிச் செல்லும் புறவழிச் சாலைகள் வந்தபின் ஐயனாரின் குதிரை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே தெரியாமற் போயிற்று. வழி கேட்கலாமென்றால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறவர்களைக் கைதட்டிக் கூப்பிட முடியுமா?

மூன்று வருஷங்களுக்கு முன், ஆத்தூரில் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகே அத்தை வீடு சேர்ந்தார். அதன் பிறகு அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "முதுகு வலிக்கிறது" என்பார். முதுகில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அண்ணனை எதிர்பார்த்து அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஸீவர் யோசனையைச் சொன்னபோது தகப்பனார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "சாவியைத் திருப்பினால் அது விழித்துக்கொள்ள வேண்டும், சாவியை எடுத்தால் தூங்கிவிட வேண்டும். நடுவில் என்னை ஒன்றும் கேட்கக் கூடாது" என்றார். விளம்பரங்களையெல்லாம் படித்து முடித்த பிறகு நமக்குத் தோன்றியது இதுதான்: நிரந்தரமாக இருக்க வேண்டிய ரிஸீவருக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை எந்த நிபுணரும் சொல்லவில்லை.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய முப்பது, நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது மணி இன்னது, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்" என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நம் ரிஸீவர் அவற்றோடு பேசுவதில்லை, கேட்பதோடு சரி. குரல் வந்துசேர எடுத்த நேரத்தைக்கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு குரல்கள் கேட்டுவிட்டால், இடம், உயரம், நேரம் மூன்றையும் கண்டுபிடித்துவிடும். கடிகாரத்தில் ஒரு வினாடியின் பத்து லக்ஷத்தில் ஒரு பங்கு பிசகினால் பூமியில் 300 மீட்டர் பிசகும் என்றால், இதன் நுட்பம் விளங்கும்.

இவ்வளவு தூரத்திலிருந்து வரும் குரல் மிகவும் மெல்லியது. ஆகவே, ரிஸீவருக்கு ஆகாசம் தெரிய வேண்டும். இருக்கைக்கு அடியிலோ சாமான் அறையிலோ ஒளித்துவைத்தால் பயன் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் மேற்புறமே தக்க இடம். ஆனால் சில கார்களில் வெப்பத்தைத் தடுப்பதற்காகக் கண்ணாடியில் உலோகப் பூச்சு இருக்கும். அது வெயிலோடு செயற்கைக்கோளின் குரலையும் தடுத்துவிடும். அப்படிப்பட்ட காருக்குக் கூரைமேல் ஆன்டெனா வைக்கக்கூடிய ரகமே சரி.

இனி, வெயில். கடையில் முதலில் காட்டுகிற ரிஸீவர்கள் பெரும்பாலும் உள்ளே லித்தியம் பாட்டரி வைத்தவை. கையில் எடுத்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு அவை உத்தமம். காரில் வைத்தாலோ, கோடையில் கதவடைத்து நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் சூடு 70 டிகிரியைத் தாண்டும். அந்த வகைப் பாட்டரிகளைச் சாதாரணமாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. இரண்டு கோடைகளில் அது உப்பிக்கொண்டு உயிரை விட்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஆகவே, பாட்டரி இல்லாமல் காரின் மின்சாரத்திலேயே ஓடுவது வேண்டும்; அல்லது பாட்டரியைக் கழற்றிவிட்டாலும் ஓடுவது வேண்டும்.

காரின் மின்சாரம் என்றதும் அடுத்த விஷயம் வருகிறது. சாவியை எடுத்தால் தூங்க வேண்டும் என்று தகப்பனார் சொன்னது வெறும் சௌகரியத்துக்காக அல்ல. ரிஸீவர் 50 மில்லி ஆம்பியர்தான் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பகல் ஓடினால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பாட்டரி உள்ள சிறிய காரைப் பதினைந்து நாள் எடுக்காமல் நிறுத்திவைத்தால், பாதி போய்விடும். திருக்ஷேத்திர யாத்திரை போய்த் திரும்பியதும் கார் கிளம்ப மறுக்கும். சில கார்களில் சிகரெட் லைட்டர் துளையில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வரும், சிலவற்றில் வராது. டெலிபோன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சாவிக்குக் கட்டுப்பட்ட பியூஸிலிருந்து நல்ல எலெக்டிரீஷியனைக்கொண்டு கம்பி எடுப்பதே உசிதம். அத்துடன், மின்சாரம் வந்தவுடன் தானாகவே ஓடத் தொடங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால்தான் விழிப்பேன் என்று அடம்பிடிக்கும் ரிஸீவர்கள் அநேகம்.

அடுத்தது, பாஷை. ஆப்பிள் டாப்லெட்டாக இருந்தால் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ரிஸீவரோடுதான் அது உறவாடும். ஆண்டிராய்டு டாப்லெட் அவ்வளவு ஆசாரம் பார்ப்பதில்லை. ஆனால் துணைச் செயலி ஒன்றை ஏற்றி, அமைப்புகளில் 'போலி இடம்' என்னும் இடத்தில் அனுமதி தர வேண்டும். உண்மையான இடத்தைச் சொல்ல வருகிறவரைப் போலி என்னும் வாசல் வழியாக உள்ளே விடுவது விநோதமே! ஒருமுறை செய்துவிட்டால், மறுநாள் காலையில் இரண்டும் தாமாகக் கைகோத்துக்கொள்கின்றனவா என்பதே கேள்வி. பத்துத் தடவை சாவியைத் திருப்பி எடுத்துப் பார்த்து, பத்துத் தடவையும் சேர்ந்துகொண்ட ஜோடியையே நாம் ஏற்றுக்கொண்டோம்.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். வினாடிக்கு ஒருமுறை இடம் சொல்லும் ரிஸீவர், 80 கிலோமீட்டர் வேகத்தில் காரை 22 மீட்டருக்கு ஒருமுறைதான் காண்கிறது. வினாடிக்கு ஐந்து முறை சொன்னால் திருப்பத்தைத் தாண்டிய பிறகு திரும்பச் சொல்லும் அவஸ்தை குறையும். எவ்வளவு உசத்தியானாலும் சில மீட்டர் பிசகு இருந்தே தீரும். கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்பதில் எல்லா ரிஸீவர்களும் தடுமாறுகின்றன.

நிரந்தரம் என்பதற்கு இன்னொரு பரீக்ஷையும் உண்டு. ஜி.பி.எஸ். தன் பழைய முறையில் வாரங்களை 1,024 வரையில் எண்ணிவிட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. 1999 ஆகஸ்டிலும், 2019 ஏப்ரலிலும் அப்படி நேர்ந்தது. அடுத்தது 2038 நவம்பரில். பழைய சரக்கில் சில இதை அறியாமல் இருபது வருஷம் பின்னுக்குப் போய்விடுகின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ரிஸீவரை வாங்குகிறவர்கள் அது காட்டும் தேதியை முதலில் பார்க்கட்டும்.

கடைசியாக, யாருடைய குரலைக் கேட்பது? 1983-ல் கொரிய விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் போய்ச் சுடப்பட்டு, 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகே ஜி.பி.எஸ்ஸை உலகத்துப் பொதுஜனங்களும் உபயோகிக்கலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. அப்போதும் பொதுஜனங்களுக்குரிய குரலை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தார்கள். 2000 மே மாதத்தில்தான் அந்த மங்கலை நீக்கினார்கள். கொடுப்பவர் நல்லவரே ஆனாலும், கொடையாக வந்த விளக்கு அணைக்கும் கை அவருடையதுதானே? ரஷ்யாவும் ஐரோப்பாவும் சீனாவும் தங்களுக்கென்று செயற்கைக்கோள்களை ஏற்றிக்கொண்டதன் காரணம் இதுவே. நம் தேசமும் 2013 ஜூலை 1-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் வரிசையின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. 2016-ல் அந்த வரிசை 'நாவிக்' என்று பெயர் பெற்றது. அவற்றில் சிலவற்றின் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் பழுதாகிப் போனது வருத்தந்தான். ஆனால் 2023 மே மாதத்தில் ஏவிய செயற்கைக்கோளில், நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் ஏறியது. ஆகவே, நாவிக்கை மட்டும் நம்பி வாங்குவது விவேகம் ஆகாது. நாவிக்கைக் கேட்கத் தெரியாததை வாங்குவதும் நமக்குச் சம்மதமில்லை. பல தேசத்துக் குரல்களோடு நம் குரலையும் கேட்கும் ரிஸீவரே நல்லது. ஆகாசத்தில் பாதியை மலை மறைக்கும் கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளில், எந்தக் குரல் கைகொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆவணி மாதத்தில் தகப்பனார் தனியாகவே அத்தை வீட்டுக்குப் போய் வந்தார். "பெட்டி எப்படி?" என்று கேட்டோம். "நான் அதை அதிகமாய்ப் பார்க்கவில்லை. ஆத்தூரில் மட்டும் ஒரு தடவை பார்த்தேன், நான் நினைத்ததையே அதுவும் சொல்லிற்று" என்றார். அத்தை கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னை உள்ளே கொண்டுபோனார். முதுகு வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.